கான்ஸ்டன்டைனுக்கு முன்னாடி 280 வருஷம் இருக்கு ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்புல கிறிஸ்தவம் எப்படி பரவுச்சுன்னு முழுப்பக்க கட்டுரை ஒண்ணு போட்டிருந்தீங்க. அதோட சாராம்சம் என்னன்னா, ஏசுவுக்கு பிறகு முந்நூறு வருஷம் அது ஏதோ மூலையில கிடந்த சின்ன கூட்டம், 312ல ரோம் ராஜா கான்ஸ்டன்டைன் ஒரு சண்டையில ஜெயிச்சதும் அதை கையில எடுத்துக்கிட்டாரு, 325ல நைசியாங்கிற ஊர்ல பிஷப்புகளை கூட்டி உட்கார வச்சு பைபிள்ல எந்தெந்த புக்கு இருக்கணும்னு முடிவு பண்ணாரு, அப்படியே அரசாங்க மதமாவும் ஆக்கிட்டாரு, அதனாலதான் பரவுச்சு, இதான். இது வாட்ஸ்அப்ல வருஷக்கணக்கா சுத்திக்கிட்டு இருக்கிற விஷயம்தான், ஆனா உங்க பேப்பர்ல அச்சாகி வந்தா அதுக்கு ஒரு கனம் வந்துடுது, எங்க ஸ்கூல்ல ஒரு பையன் அந்த பக்கத்தை வெட்டி எடுத்துட்டு வந்து காட்டுனான், அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கிட்டு படிங்க.

நான் சரித்திர வாத்தியார். எந்த சபைக்கும் வக்காலத்து வாங்க இதை எழுதல. கட்டுரையில வருஷமெல்லாம் தப்பா இருக்கு, அதை பின்னாடி சொல்றேன், அதைவிட எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த முதல் 280 வருஷத்துல இந்த மதத்தை ஊர் ஊரா கொண்டு போனவங்க கூடாரம் தைக்கிறவங்க, துணி விக்கிற பொம்பளைங்க, அடிமைங்க, விதவைங்க. அவங்க பின்னாடி பட்டாளமும் கிடையாது கஜானாவும் கிடையாது, மாட்டுனா உசுரு போகும். அவ்வளவு பேரையும் ஓரமா தள்ளிட்டு எல்லாத்தையும் ஒரு ராஜா கணக்குல எழுதுறது பெரிய அநியாயம்.

முதல்ல இருந்து வரேன். ஏசுவை சிலுவையில அறைஞ்சது சுமார் கி.பி. 30வது வருஷம், யூதேயாவுல ரோம் அரசாங்கத்தோட அதிகாரியா பிலாத்து இருந்தப்ப. அவரு பின்னாடி போனவங்க அத்தனை பேரும் யூதருங்க, எருசலேம் கோவில்லயேதான் போய் கும்பிட்டாங்க, புதுசா ஒரு மதம் ஆரம்பிக்கிறோம்னு அவங்களுக்கு நினைப்பே கிடையாது. அங்க இருந்து அது சிரியாவுல இருக்கிற அந்தியோகியாவுக்கு போகுது, அது அந்தக் காலத்துல ரோம், அலெக்சாண்ட்ரியாவுக்கு அடுத்தபடியா பேர் போன பட்டணம், அங்கதான் யூதரல்லாத கிரேக்கக்காரங்களும் கூட்டம் கூட்டமா உள்ள வராங்க, கிறிஸ்தவங்கங்கிற பேரும் அங்கதான் முதல்ல வந்துச்சுன்னு பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள்ங்கிற புத்தகத்துல இருக்கு. உள்ள வரவங்க யூதர் மாதிரி விருத்தசேதனம் பண்ணிக்கணுமா வேண்டாமான்னு பெரிய தகராறே நடந்துச்சு, எருசலேம்ல கூடி பேசி வேண்டாம்னு முடிவானது 49ஐ ஒட்டி. கதவு முழுசா திறந்தது அப்பதான்னு சொல்லணும்.

இது ஏன் இவ்வளவு சீக்கிரம் ஓடுச்சுன்னு கேட்டா, வழி ஏற்கனவே போட்டு வச்சிருந்துச்சு. மத்தியதரைக்கடல் சுத்தி இருக்கிற பட்டணம் பூரா யூதருங்க குடியேறி இருந்தாங்க, ஊருக்கு ஊரு ஜெப ஆலயம், அவங்க வேதம் கிரேக்க மொழியில அலெக்சாண்ட்ரியாவுல எப்பவோ மொழிபெயர்த்தாச்சு, அந்த ஜெப ஆலயத்துல யூதராகவே மாறாம அவங்க கடவுள் மேல பக்தியா வந்து உட்கார்ற கிரேக்கக்காரங்களும் இருந்தாங்க. ஊர் ஊரா போய் ஏசுவை பத்தி போதிச்ச யூதரு பவுல், அவரு ஒரு ஊருக்கு போனா முதல்ல அங்கதான் போவாரு. ரோமாபுரி போட்ட கல்லு ரோடு, கடல்ல கொள்ளைக்காரங்க அடங்கி இருந்த காலம், எல்லா துறைமுகத்துலயும் கிரேக்க மொழி பேசினா சமாளிச்சுடலாம். இதெல்லாம் இருந்துச்சு, சரி, ஆனா ரோடு தானா நடக்காது இல்லையா, நடந்தது ஆளுங்க.

அந்த ஆளுங்க யாருன்னு பாக்கணும்னா பவுல் ரோம்ல இருந்த சபைக்கு எழுதின நிருபத்தோட, அதாவது கடிதத்தோட, 16ம் அதிகாரத்தை எடுத்து படிங்க. சுமார் 57ல எழுதினது. அதுல போதனை ரொம்ப இல்ல, முக்கால்வாசி விசாரிப்புதான், இன்னாரை கேட்டதா சொல்லுங்க, அன்னாரை கேட்டதா சொல்லுங்கன்னு. நிறைய பேரு ஆராதனையில அந்த அதிகாரத்தை தாண்டி போயிடுவாங்க, எனக்கு புதிய ஏற்பாட்டுலயே ரொம்ப பிடிச்ச பகுதி அதுதான். முதல் பேரே ஒரு பொம்பளை, கெங்கிரேயா துறைமுகத்து சபை ஊழியக்காரி பெபேயாள், அந்த நிருபத்தை கடல் தாண்டி ரோமுக்கு கொண்டு போனதே அவங்கதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. அடுத்து பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், புருஷன் பொண்டாட்டி, கூடாரம் தைக்கிறவங்க, கிளாடியஸ் ராஜா யூதரை ரோமை விட்டு துரத்துனப்ப கிரீஸ்ல இருக்கிற கொரிந்துக்கு வந்து அங்க தொழில் பண்ணவங்க, பவுலும் அதே தொழிலுங்கிறதால அவங்க கூடவே தங்கி வேலை செஞ்சாரு, பிறகு அவங்க எபேசு போயிட்டு மறுபடி ரோமுக்கே திரும்பி வந்து அவங்க வீட்டுலயே சபை கூடுது. மரியாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியான்னு வரிசையா பொம்பளைங்க பேரு வருது, மொத்த பேர்ல மூணுல ஒரு பங்கு. அம்பிலியா, உர்பான், எர்மே இதெல்லாம் அந்தக் காலத்து ரோம்ல அடிமைங்களுக்கும் விடுதலை வாங்கின அடிமைங்களுக்கும் வைக்கிற பேரு. கடைசியில பவுல் சொல்லச் சொல்ல எழுதின தெர்தியுவும் தன் பங்குக்கு நானும் கேட்டேன்னு ஒரு வரி சேர்த்துக்கிறாரு. ஒரு ராஜாவும் இல்ல, தளபதியும் இல்ல, பெரிய பதவின்னு பாத்தா கொரிந்து நகரத்து கணக்கை பாத்துக்கிட்ட ஏரஸ்துன்னு ஒருத்தர்தான்.

பவுல் கொரிந்துல இருந்த வருஷம்கூட ஊகம் கிடையாது. அவரை விசாரிச்ச கல்லியோங்கிற ரோம அதிகாரியோட பேரு கிரீஸ்ல டெல்பி கோவில் கல்வெட்டுல கிடைச்சிருக்கு, அதை வச்சு கணக்கு போட்டா 51, 52ஐ ஒட்டி வருது. அதாவது சிலுவைக்கு இருபது வருஷம் கழிச்சு கிரீஸ்ல சபை இருக்கு. இன்னும் பன்னெண்டு வருஷம் கழிச்சு 64ல ரோம் நகரம் தீப்பிடிச்சு எரிஞ்சப்ப நீரோ பழி போடுற அளவுக்கு அங்க கண்ணுக்கு தெரியுற ஒரு கூட்டமா இருக்காங்க. ரோம வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் எழுதி வச்சிருக்காரு, அவருக்கு கிறிஸ்தவங்களை சுத்தமா பிடிக்காது, ஆனாலும் அவங்க பட்ட பாட்டை பாத்து ஜனங்களே பரிதாபப்பட்டாங்கன்னு சொல்றாரு.

அடுத்து நான் சொல்லப்போறது பிளினியோட கடிதம். கட்டுரை எழுதினவர் இந்த ஒரு கடிதத்தை மட்டும் படிச்சிருந்தா கூட அந்த "மூலையில கிடந்த சின்ன கூட்டம்"ங்கிற வரியை எழுதியிருக்க மாட்டாருன்னு நம்புறேன். சுமார் 112. இன்னைக்கு துருக்கியோட வடக்கு பக்கம், கருங்கடல் ஓரம், பித்தினியா பொந்துங்கிற மாகாணத்துக்கு பிளினிதான் கவர்னர். அவரு டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதுறாரு, ஐயா எனக்கு இந்த கிறிஸ்தவங்க கேஸை இதுக்கு முன்னாடி விசாரிச்சு பழக்கமில்ல, என்ன பண்றதுன்னு நீங்க சொல்லுங்கன்னு. அவரு பண்ண முறையை சொல்றாரு: நீ கிறிஸ்தவனான்னு கேப்பேன், ஆமான்னா தண்டனையை சொல்லி மிரட்டி ரெண்டாவது தடவை மூணாவது தடவை கேப்பேன், அப்பவும் ஆமான்னா கொல்ல அனுப்பிடுவேன், ரோம குடிமக்களா இருந்தா மட்டும் ரோமுக்கு அனுப்புவேன். இல்லைன்னு சொல்றவங்க தெய்வங்க பேரை சொல்லி, சக்கரவர்த்தி சிலைக்கு முன்னாடி சாம்பிராணியும் திராட்சை ரசமும் படைச்சு, கிறிஸ்துவை திட்டணும், அப்ப விட்டுடுவேன். யாரோ பேர் போடாம ஒரு மொட்டை கடுதாசி வேற எழுதி நிறைய பேரை மாட்டிவிட்டிருக்காங்க.

இவங்க என்னதான் பண்றாங்கன்னு விசாரிச்சதுல கிடைச்சதையும் எழுதுறாரு. குறிப்பிட்ட ஒரு நாள்ல விடியுறதுக்கு முன்னாடி கூடுவாங்களாம், கிறிஸ்துவை தெய்வமா நினைச்சு மாத்தி மாத்தி பாட்டு பாடுவாங்களாம், திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் பண்ண மாட்டோம், சொன்ன சொல்லை மீற மாட்டோம், நம்பி குடுத்து வச்ச பொருளை திருப்பி கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டோம்னு சத்தியம் பண்ணிக்குவாங்களாம், கலைஞ்சு போயிட்டு மறுபடி சேர்ந்து சாதாரண சாப்பாடு சாப்பிடுவாங்களாம். இது உண்மைதானான்னு தெரிஞ்சுக்க ரெண்டு அடிமைப் பொண்ணுங்களை, சபையில ஊழியக்காரிங்களா இருந்தவங்களை, சித்திரவதை பண்ணி கேட்டாராம். அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்கலையாம். அந்த ரெண்டு பொண்ணுங்க பேரு கூட நமக்கு இல்ல ஐயா, பிளினிக்கு அது தேவைப்படல. ஒரு மாகாணத்தோட கவர்னரு சக்கரவர்த்திக்கு அனுப்புன ஃபைல்ல, பேர் இல்லாத ரெண்டு அடிமைப் பொண்ணுங்க, அவங்க சபையில பொறுப்புல இருந்திருக்காங்க, அடி வாங்கியும் வேற எதுவும் சொல்லல. இதை படிக்கிறப்ப எல்லாம் எனக்கு தொண்டை அடைச்சுக்கும்.

அதே கடிதத்துல அவரு போடுற கணக்கையும் பாருங்க. எல்லா வயசுலயும், எல்லா தரத்துலயும், ஆணும் பொண்ணுமா ஆளுங்க இருக்காங்க, பட்டணத்துல மட்டும் இல்ல, கிராமத்துக்கும் வயக்காட்டுக்கும் பரவிடுச்சு, கோவில்ல ஆள் இல்லாம போச்சு, பலி குடுத்த இறைச்சியை வாங்க ஆள் இல்லாம இருந்துச்சு, இப்பதான் கொஞ்சம் மறுபடி விக்குதுன்னு எழுதுறாரு. நான் நடவடிக்கை எடுத்ததுல எல்லாம் சரியாகுதுன்னு காட்டணும்னு கொஞ்சம் கூட்டி சொல்லியிருப்பாரு, அதிகாரிங்க ரிப்போர்ட்டுன்னா அப்படித்தான் இருக்கும், ஆனாலும் கறிக்கடை வியாபாரம் படுக்குற அளவுக்கு ஒண்ணு நடந்திருக்குன்னா அது மூலையில கிடந்த கூட்டமா? கான்ஸ்டன்டைன் பொறக்கிறதுக்கு நூத்தம்பது வருஷத்துக்கும் முன்னாடி நடக்குது இது. டிராஜன் பதிலும் இருக்கு, தேடிப் போய் பிடிக்காதீங்க, கொண்டு வந்து நிறுத்தி நிரூபணமானா தண்டிங்க, மொட்டை கடுதாசியை மட்டும் ஏத்துக்காதீங்கன்னு.

இவங்களை ஏளனம் பண்ணவங்க எழுத்தும் நமக்கு நல்ல சாட்சி. சுமார் 178ல செல்சுஸ்னு ஒரு படிச்ச மனுஷன் கிறிஸ்தவங்களை எதிர்த்து ஒரு புக்கு எழுதுறாரு. அவரோட பெரிய எரிச்சலே, வீட்டுல கம்பளி வேலை செய்றவன், செருப்பு தைக்கிறவன், துணி வெளுக்கிறவன், எழுதப்படிக்க தெரியாதவன் எல்லாம் மத்தவங்க வீட்டு பிள்ளைங்களையும் பொம்பளைங்களையும் தனியா பிடிச்சு கடவுளை பத்தி போதிக்கிறானேங்கிறதுதான். முதலாளி முன்னாடி வாயை திறக்க மாட்டான், அவரு அந்தப்பக்கம் போனதும் ஆரம்பிச்சிடுவான்னு திட்டுறாரு. அலெக்சாண்ட்ரியாக்காரரு ஒரிகென் எழுபது வருஷம் கழிச்சு இதுக்கு வரிக்கு வரி மறுப்பு எழுதினதாலதான் செல்சுஸ் சொன்னதே நமக்கு கிடைச்சிருக்கு. இழிவா நினைச்சு எழுதின வரியிலேயே, அந்த மதம் எப்படி பரவுச்சுங்கிற பதில் இருக்கு. பட்டறையில, சமையல்கட்டுல, வேலை செய்ற இடத்துல, ஆளுக்கு ஆள்.

ஏன் சேர்ந்தாங்க? கட்டுரையில இந்த கேள்வியே இல்ல. நம்பிக்கை, உயிர்த்தெழுதல், மறுமை எல்லாம் பெரிய காரணம், அதை நான் குறைச்சு சொல்லல. கூடவே வேற ஒண்ணும் இருந்துச்சு, செத்தா எடுத்துப்போட ஆள் இருக்கும், நோய் வந்தா தண்ணி குடுக்க ஆள் இருக்கும். 251ல ரோம் பிஷப் கொர்னேலியுஸ் அந்தியோகியாவுக்கு எழுதின கடிதத்துல தன்னோட சபை கணக்கை குடுக்கிறாரு: மூப்பருங்க 46 பேரு, டீக்கன்கள் 7, உதவிக்கு இருக்கிறவங்க இத்தனைன்னு சொல்லிட்டு, 1,500க்கும் மேல விதவைங்களும் கஷ்டப்படுறவங்களும் சபையோட பராமரிப்புல இருக்காங்கன்னு எழுதுறாரு. சட்டப்படி அனுமதியே இல்லாத ஒரு கூட்டம், ஒரே ஊர்ல, 1,500 பேருக்கு சோறு போடுது. கிட்டத்தட்ட அதே காலத்துல பேரரசு பூரா கொள்ளை நோய் பரவுச்சு, அலெக்சாண்ட்ரியா பிஷப் தியோனீசியுஸ் எழுதுறாரு, நம்ம ஆளுங்க நோயாளியை தொட்டு பாத்துக்கிட்டாங்க, கண்ணை மூடி விட்டாங்க, குளிப்பாட்டி அடக்கம் பண்ணாங்க, அப்படி செஞ்சவங்களும் பின்னாடியே செத்தாங்கன்னு. சொந்தக்காரரு சொல்றது பெருமைன்னு தள்ளலாம், ஆனா நூறு வருஷம் கழிச்சு ஜூலியன்னு ஒரு சக்கரவர்த்தி வராரு, கிறிஸ்தவத்தை விட்டுட்டு பழைய தெய்வங்களை திரும்ப கொண்டு வரணும்னு பாடுபட்டவரு, அவரே ஒரு பூசாரிக்கு எழுதுறாரு, இந்த கலிலேயாக்காரங்க (கிறிஸ்தவங்களை அவரு அப்படித்தான் சொல்வாரு) அவங்க ஏழைங்களை மட்டும் இல்ல நம்ம ஏழைங்களையும் சேர்த்து பாத்துக்கிறாங்க, நம்ம ஆளுங்க கைவிட்டுட்டாங்க, வெக்கமா இருக்குன்னு. எதிரி வாயில வந்த சாட்சி அது.

அடிமையா இருந்தவரு சபையில எவ்வளவு தூரம் வரலாம்னு கேட்டா, கலிஸ்துஸ்னு ஒருத்தரை பாருங்க. ரோம்ல அடிமையா இருந்து, தண்டனை வாங்கி சுரங்க வேலைக்கு அனுப்பப்பட்டு, பிறகு சபையோட கல்லறையை பாத்துக்கிற பொறுப்புக்கு வந்து, 217ஐ ஒட்டி ரோம் பிஷப்பாவே ஆயிட்டாரு. அவரு பேர்ல அந்த நிலத்தடி கல்லறை இன்னைக்கும் இருக்கு.

சரி, இவங்க எங்க கூடுனாங்க? பெரிய பெரிய கோவில் எல்லாம் பின்னாடி வந்தது. சிரியாவுல யூப்ரடீஸ் நதிக்கரையில துரா யூரோப்போஸ்னு ஒரு கோட்டை ஊரு, 1930களோட ஆரம்பத்துல தோண்டுனப்ப ஒரு வீடு கிடைச்சுச்சு. வெளியில இருந்து பாத்தா தெருவுல இருக்கிற மத்த வீடு மாதிரியேதான். உள்ள ரெண்டு ரூமுக்கு நடுவுல சுவத்தை இடிச்சு அறுபது எழுபது பேரு உட்கார்ற மாதிரி ஒரே ஹாலா ஆக்கியிருக்காங்க, இன்னொரு சின்ன ரூம்ல ஞானஸ்நானத் தொட்டி, சுவர்ல படம், ஆட்டை தோள்ல தூக்குன மேய்ப்பன், தண்ணி மேல நடக்கிற ஏசு, படுக்கையை தூக்கிட்டு எழுந்து போற திமிர்வாதக்காரன், கல்லறைக்கு விளக்கோட வர பொம்பளைங்க. சுமார் 240. அதே தெரு வரிசையில கொஞ்சம் தள்ளி யூதரோட ஜெப ஆலயம், அதுலயும் சுவர் நிறைய படம். 256ல பாரசீகக்காரங்க முற்றுகை போட்டப்ப, கோட்டை மதிலை பலப்படுத்த உள்பக்கம் மண்ணை கொட்டி மேடாக்குனாங்க, அந்த மண்ணுக்குள்ள புதைஞ்சு போனதாலதான் ரெண்டும் நமக்கு மிஞ்சுச்சு. கான்ஸ்டன்டைன் பொறந்ததே சுமார் 272ல. அவரு பொறக்கிறதுக்கு முன்னாடியே இந்த வீடு மண்ணுக்குள்ள போயிடுச்சு ஐயா.

250ல டெசியஸ் சக்கரவர்த்தி, நாட்டுல எல்லாரும் தெய்வங்களுக்கு பலி செலுத்தி அதிகாரி கிட்ட சர்டிபிகேட் வாங்கணும்னு உத்தரவு போட்டாரு. எகிப்து மணல்ல அந்த சர்டிபிகேட் நாற்பதுக்கு மேல பாப்பிரஸ் தாள்ல கிடைச்சிருக்கு. எல்லாம் ஒரே மாதிரி ஃபார்ம், நான் எப்பவும் தெய்வங்களுக்கு பலி செலுத்தி வரேன், இப்பவும் உங்க முன்னாடி படைச்சேன், சாப்பிட்டேன், சான்று குடுங்கன்னு. அதுல ஒண்ணு முதலை தெய்வத்தோட கோவில் பூசாரியம்மா ஒருத்தங்களோடது, அவங்களே போய் வாங்க வேண்டியிருந்திருக்கு. நிறைய கிறிஸ்தவங்க பயந்து போய் பலி குடுத்தாங்க, காசு குடுத்து சர்டிபிகேட் வாங்குனவங்களும் உண்டு, மாட்டேன்னு செத்தவங்களும் உண்டு. விழுந்தவங்களை திரும்ப சேர்த்துக்கலாமா கூடாதான்னு சபை ரெண்டா உடையுற அளவுக்கு பிறகு சண்டை வந்துச்சு, அதையும் மறைக்கத் தேவையில்ல.

303ல டியோக்லீஷியன் சக்கரவர்த்தி காலத்துல பெரிய அடக்குமுறை. அந்த வருஷம் மே 19ந் தேதி வட ஆப்பிரிக்காவுல சிர்தாங்கிற ஊர்ல அதிகாரிங்க சபை கூடுற வீட்டுக்குள்ள புகுந்து ஜப்தி பண்ணாங்க, குமாஸ்தா ஒண்ணு விடாம லிஸ்ட் எழுதியிருக்காரு, பதினேழு வருஷம் கழிச்சு ஒரு கோர்ட் கேஸ்ல அதை வாசிச்சதால அப்படியே நமக்கு வந்து சேர்ந்திருக்கு. தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளி விளக்கு 7, இப்படி போயிட்டு அப்புறம் வருது பாருங்க: பொம்பளைங்க உடுப்பு 82, முக்காடு 38, ஆம்பளைங்க உடுப்பு 16, ஆம்பளைங்க செருப்பு 13 ஜோடி, பொம்பளைங்க செருப்பு 47 ஜோடி. இது பூசை சாமான் இல்ல. இல்லாதவங்களுக்கு, அதுலயும் விதவைங்களுக்கு குடுக்க சேர்த்து வச்சிருந்ததுன்னுதான் ஆய்வாளர்கள் சொல்றாங்க. 47 ஜோடி செருப்பு! புத்தகம் எங்கன்னு கேட்டா, வாசிக்கிறவங்க வீட்டுல இருக்குன்னு பதில், அதிகாரிங்க வீடு வீடா போறாங்க, ஒருத்தர் வீட்டுல நாலு, இன்னொருத்தர் வீட்டுல அஞ்சு, இன்னொருத்தர் வீட்டுல எட்டுன்னு வேத புத்தகங்களை எடுக்கிறாங்க. ராஜா வந்து புத்தகத்தை தீர்மானிச்சாருங்கிறீங்களே, ராஜா ஆளுங்க வந்து அந்த புத்தகத்தை பிடுங்கிட்டு போன லிஸ்டே நம்ம கையில இருக்கு. அந்த சிர்தாவுக்கு அல்ஜீரியாவுல இன்னைக்கு என்ன பேரு தெரியுமா, கான்ஸ்டன்டைன். அவரு பேரைத்தான் பிறகு வச்சாங்க.

இப்ப தேதிங்களுக்கு வரேன். பேரரசு பூராவுக்கும் அடக்குமுறையை முதல்ல நிறுத்துனது கான்ஸ்டன்டைன் இல்ல, கலேரியஸ் சக்கரவர்த்தி. அடக்குமுறையை முன்ன நின்னு நடத்துனவரே 311ல சாகக்கிடக்கிறப்ப, இவங்களை ஒழிக்க முடியல, கூடிக்கட்டும், நமக்காகவும் அவங்க கடவுள் கிட்ட வேண்டிக்கட்டும்னு உத்தரவு போட்டாரு. 313ல கான்ஸ்டன்டைனும் அவரு கூட ஆண்ட இன்னொரு சக்கரவர்த்தி லிசினியஸும் மிலான்ல சேர்ந்து எடுத்த முடிவு, கிறிஸ்தவங்க உட்பட எல்லாருக்கும் அவங்கவங்க விரும்புற வழிபாட்டுக்கு சுதந்திரம்ங்கிறது, பறிச்ச சொத்தை திருப்பி குடுக்கிறதும் அதுல இருக்கு. அரசாங்க மதம்ங்கிற பேச்சு அதுல கிடையாது. அரசாங்க மதமாக்குன உத்தரவு 380ல தியோடோசியஸ் சக்கரவர்த்தி போட்டது, அப்ப கான்ஸ்டன்டைன் செத்து 43 வருஷம். 325 நைசியாவுல பேசினது ஆரியுஸ்ங்கிறவரோட போதனையை பத்தி, ஏசு பிதாவுக்கு சமமானவரா, இல்லைன்னா அவரால படைக்கப்பட்டவரான்னு, கூடவே ஈஸ்டர் தேதி, சபை ஒழுங்குக்கு 20 விதி. பைபிள் லிஸ்ட் அங்க வரவே இல்ல. நாலு சுவிசேஷம்தான், கூடவும் இல்ல குறையவும் இல்லன்னு லியோன் பிஷப் இரேனியுஸ் 180லயே எழுதியாச்சு, இன்னைக்கு இருக்கிற 27 புத்தக லிஸ்ட்டை அப்படியே முதல்ல நாம பாக்கிறது அலெக்சாண்ட்ரியா பிஷப் அத்தனாசியுஸ் 367ல எழுதின ஈஸ்டர் கடிதத்துல. நைசியாவுக்கு இந்தப்பக்கமும் இருக்கு அந்தப்பக்கமும் இருக்கு, நைசியாவுல இல்ல.

கான்ஸ்டன்டைனால ஒண்ணுமே ஆகலைன்னு நான் சொல்ல வரல. அவரு ஆதரவு குடுத்ததுக்கப்புறம் எண்ணிக்கை மளமளன்னு ஏறுச்சு, பெரிய கோவில்கள் வந்துச்சு, குருமாருக்கு வரிச்சலுகை வந்துச்சு, பதவிக்காக சேர்ந்தவங்களும் வந்தாங்க. 380க்கு பிறகு அதே சபை அடுத்தவங்களை நெருக்குனதும் நடந்துச்சு, 391ஐ ஒட்டி அலெக்சாண்ட்ரியாவுல செராபிஸ் கோவிலை இடிச்சாங்க, 415ல ஹைப்பேஷியாங்கிற அறிஞரை கிறிஸ்தவ கும்பல் கொன்னுச்சு. இது எனக்கு வலிக்கிற விஷயம், இதையும் எழுதுங்க, தாராளமா எழுதுங்க. ஆனா 300ஐ ஒட்டி பேரரசுல பத்துல ஒருத்தர் கிறிஸ்தவங்களா இருந்திருக்கலாம்னு பல வரலாற்று ஆய்வாளர்கள் உத்தேசமா சொல்றாங்க. ராஜா வந்து சேர்ந்தது ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்த பஸ்ல, அவரு வண்டியை ஸ்டார்ட் பண்ணல.

ரோமுக்கு வெளியில பாத்தா இந்த வாதம் சுத்தமா நிக்காது. எதேசா, இன்னைக்கு துருக்கியில உர்பான்னு சொல்ற ஊரு, அங்க 201ல வந்த வெள்ளத்துல கிறிஸ்தவங்க கோவில் சேதமாச்சுன்னு ஊர் வரலாற்றுக் குறிப்புல இருக்கு, அவங்க பேசினது சிரியாக் மொழி. ஆர்மீனியா ராஜா திரிதாத் கான்ஸ்டன்டைனுக்கு முன்னாடியே 301ல ஏத்துக்கிட்டாருன்னு அவங்க மரபு, கொஞ்சம் பிந்தி இருக்கலாம்னு சில ஆய்வாளர்கள். எத்தியோப்பியாவுல அக்சும் ராஜா எசானா காசுல முன்னாடி பிறையும் வட்டமும் இருக்கும், நாலாம் நூற்றாண்டுல அதே ராஜா காசுல சிலுவை வந்துடுது, அங்க அதை கொண்டு போனது தீர் பட்டணத்துல இருந்து சின்ன வயசுல செங்கடல் துறைமுகத்துல பிடிபட்டு அரண்மனை வேலைக்கு போன புருமென்சியுஸ். பாரசீகத்துல கதையே தலைகீழ். ரோம் ராஜா கிறிஸ்தவரானதும் பாரசீக ராஜா இரண்டாம் ஷாபூருக்கு அவரு நாட்டு கிறிஸ்தவங்க எல்லாம் எதிரி நாட்டு ஆளுங்களா தெரிஞ்சாங்க, ரெட்டை வரி கேட்டாங்க, பிஷப் சிமியோனையும் இன்னும் ஏகப்பட்ட பேரையும் 340கள்ல கொன்னாங்க. அங்க கான்ஸ்டன்டைன் பேரு அவங்களுக்கு உபத்திரவம்தான் கொண்டு வந்துச்சு, ஆனாலும் அந்த சபை அழியல, வணிகருங்களோட கப்பல்லயும் ஒட்டகத்துலயும் கிழக்கே போய்க்கிட்டே இருந்துச்சு.

அந்த கப்பல்தான் நம்ம பக்கமும் வந்துச்சு. ஏசுவோட சீடரு தோமா 52ல கேரளக் கரையில இருந்த முசிறி துறைமுகத்துக்கு வந்தாருங்கிறது கேரள சபைகளோட மரபு, மயிலாப்பூர்ல செத்தாருங்கிறதும் அப்படித்தான். மிளகு வாங்க அலெக்சாண்ட்ரியா கப்பலுங்க முசிறிக்கு போனதுக்கு ரெண்டாம் நூற்றாண்டு ஒப்பந்தமே பாப்பிரஸ்ல இருக்கு, அதனால ஆளுங்க வந்து போறது கஷ்டமே இல்ல. எழுத்துல உறுதியா கிடைக்கிறது சுமார் 550ல, காஸ்மாஸ்ங்கிற அலெக்சாண்ட்ரியா வியாபாரி, மிளகு விளையுற மலபார்லயும் இலங்கையிலயும் கிறிஸ்தவங்க இருக்காங்க, இலங்கையில இருக்கிறது பாரசீகத்துல இருந்து வந்தவங்க சபைன்னு எழுதியிருக்காரு. அநுராதபுரத்துல 1912ல கல்லுல செதுக்குன சிலுவை கிடைச்சுச்சு. நம்ம சென்னை பரங்கிமலை கோவில்ல இருக்கிற கல் சிலுவையை சுத்தி இருக்கிற எழுத்தும் பஹ்லவி, பாரசீகத்தோடது. ரோம் சக்கரவர்த்தி உத்தரவு எட்டாத ஊருங்க இதெல்லாம்.

அதனால உங்க கிட்ட ரெண்டு வேண்டுகோள். நைசியாவுல பைபிளை முடிவு பண்ணாங்க, கான்ஸ்டன்டைன் அரசாங்க மதமாக்குனாரு, இந்த ரெண்டு வரிக்கும் அடுத்த ஞாயிறே திருத்தம் போடுங்க, வெட்டி வச்ச பையன் அதையும் வெட்டி ஒட்டிக்குவான். கட்டுரைக்கு ரெண்டாம் பாகம் வரும்னு போட்டிருந்தீங்க, அது வந்தா பிளினி கடிதத்தையும் சிர்தா லிஸ்ட்டையும் தமிழ்ல முழுசா போடுங்க, ரெண்டும் சேர்ந்தா அரைப்பக்கம் கூட வராது. யாராவது மொழிபெயர்க்க வேணும்னா நான் உட்கார்ந்து செஞ்சு தரேன், காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர், சரித்திர ஆசிரியர்,
பாளையங்கோட்டை.